வரையாட்டு மொட்டையில் விடுபட்ட மூலை

திருப்பூர்,
23-1-1964

மரியாதைக்குரிய சர்வேயர் செங்கோட்டையன் ஐயா அவர்களுக்கு,

ஆத்தப்பன் மனைவி தெய்வாத்தாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நாங்கள் சுகம். உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாயிருக்க முருகன் அருள வேண்டும்.

என் வீட்டுக்காரர் இப்போது பனியன் கம்பெனியில் உட்கார்ந்தபடியே துணி மடித்து அடுக்குகிறார். கட்டைக்கால் பழகிவிட்டது. பெரியவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறோம்.

ஐயா, மூன்று வருடமாக நான் உங்களைச் சபித்துக்கொண்டிருந்தேன். ஆனைமலையில் வரைபடத்துக்கு அளக்கப் போனபோது, நீங்கள் விரட்டியதால்தான் அவர் அளவுக்கொடி நட வரையாட்டு மொட்டை என்கிற சிகரத்தில் ஏறி விழுந்தார் என்று நினைத்திருந்தேன். அவரும் மறுத்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, உங்களோடு மூட்டை சுமந்த நல்லான் வந்திருந்தார். நான் உங்களைத் திட்டத் தொடங்கியதும் கையெடுத்துக் கும்பிட்டார். "அப்படிச் சொல்லாதீங்கம்மா. கயிறு கட்டாம ஏறாதேன்னு அவரு தலப்பாடா அடிச்சுக்கிட்டாருங்க. ஆத்தப்பன்தானுங்க கேக்கல" என்றார்.

மேகம் விலகி அளக்க வாய்த்த நாளை விட்டுவிட்டு, நீங்களும் நல்லானும் இரண்டு நாள் அவரை மாற்றி மாற்றி முதுகில் சுமந்து இறக்கினீர்களாம். அதற்குள் கோடை மழை பிடித்து, வரைபடத்தில் அந்த மூலை விடுபட்டுப் போனதாம். சொல் கேளாமல் விழுந்தார் என்றால் சர்க்கார் செலவில் வைத்தியம் கிடைக்காதென்று, ஏறச் சொன்னது நீங்கள்தான் என எழுதிக் கொடுத்து, மேலிடத்தில் ஏச்சும் வாங்கினீர்களாம்.

சாயங்காலம் அவரிடம் கேட்டேன். தலைகுனிந்து சோற்றைப் பிசைந்தார். "நெசந்தான் புள்ள. சொல்ல வாய் வரல" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் உயிரோடு உட்கார்ந்து சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாசியில் அந்த மூலையை முடிக்க மறுபடி போகிறீர்களாமே. அவர் இதையும் எழுதச் சொன்னார்: வெயில் ஏறும்வரை மேற்குச் சரிவில் கால் வைக்க வேண்டாம், பாசி வழுக்கும். வடக்கே சுற்றினால் அரை நாள் கூடும். ஆனால் பிடிமானம் உண்டு, ஊற்றும் உண்டு. 

உங்களோடு ஏறுகிற அத்தனை பேருக்கும் வேண்டிக்கொண்டு முருகனுக்கு விளக்குப் போடுகிறேன். அளவு முடிந்தாலும் முடியாவிட்டாலும், எல்லோரும் இறங்கி வந்துவிட்டோம் என்று ஒரு கார்டு மட்டும் போட்டுவிடுங்கள் அண்ணா.

உங்கள் தங்கை,
தெய்வாத்தாள்