பூஜ்ய ரூபாய் டிக்கெட்

ஜூன் 3, செவ்வாய்
இன்றும் முடியவில்லை. விவேக் நகர் ஸ்டாப்பில் பஸ் வந்து நின்றதும் நெஞ்சு படபடத்தது, திரும்பிவிட்டேன். ஆட்டோவிலும் இதே கதிதான். ஈ.சி.ஜி. நன்றாகத்தான் இருக்கிறதாம். "கேஸ்தான், சீரகத் தண்ணி குடி" என்கிறார் என் வீட்டுக்காரர் கிளெமென்ட். மாதக் கடைசியில், இரண்டு பஸ் தள்ளியிருக்கும் சந்தாபுராவில் எலிசபெத்துக்குப் பிரசவம். அம்மா பக்கத்தில் இல்லாமலா என் மகள் பெறுவாள்?

ஜூன் 5, வியாழன்
சர்ச் சாமியார் சொன்ன கவுன்சிலிங்குக்கு நடந்தே போனேன். ஆறு வாரம் பேச்சு மட்டும்தானாம், மாத்திரை கிடையாது. சாந்தகுமாரி மேடம் "சொல்லுங்க" என்றதுமே என் வாய் தானாக, "பாவசங்கீர்த்தனம் பண்ணி மூணு வாரம் ஆகுது" என்று சாமியாரிடம் பாவமன்னிப்புக் கேட்பது போலவே ஆரம்பித்துவிட்டது! அவர் சிரிக்கவில்லை.
"பயம் பாவமில்ல பிரிஜெட் அம்மா. ஒரே ஒரு ஸ்டாப் போங்க. டிக்கெட்டைக் கொண்டு வாங்க."
பரிகாரம் கொடுத்துவிட்டார். எந்தப் பாவத்துக்கு?

ஜூன் 9, திங்கள்
ஏறினேன். ஆதாரைக் காட்டியதும் கண்டக்டர் பெண்களுக்கான இலவசப் பயண டிக்கெட்டை, அந்தப் பூஜ்ய ரூபாய் டிக்கெட்டைக் கொடுத்தார். பஸ் கிளம்புவதற்குள் இறங்கிவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்
டிக்கெட்டைப் பார்த்து மேடத்துக்கு அவ்வளவு சந்தோஷம். இறங்கிவிட்டதை மறைத்துவிட்டேன். அடுத்தது அடுகோடி ஸ்டாப் வரை போக வேண்டுமாம்.

ஜூன் 17, செவ்வாய்
இன்றும் அப்படியே. டிக்கெட் வாங்கினேன், இறங்கினேன். பிரிஜெட், உனக்கு வெட்கமே இல்லையா?

ஜூன் 19, வியாழன்
தாங்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். "ரெண்டு டிக்கெட்டும் பொய் மேடம். நான் போகவேயில்ல." விக்கி விக்கி அழுதேன்.
"இறங்கறப்ப என்ன நெனச்சீங்க?"
"வழியிலயே செத்துடுவேன்னு. பொண்ணுக்கு யாருமில்லாம போயிடும்னு."
"இறங்கினதும் பயம் போச்சா?"
யோசித்தேன். "இல்ல. வீடு வரைக்கும் கூடவே வந்துச்சு."
"அப்ப பஸ்லயும் வரட்டும். நீங்க உக்காந்திருங்க."

ஜூன் 22, ஞாயிறு
அடுகோடி. வேர்வையில் டிக்கெட் ஈரமாகிவிட்டது. ஆனால் நடுவில் இறங்கவில்லை.

ஜூன் 26, வியாழன். சந்தாபுரா
காலை ஆறு மணிக்கு மருமகன் குணசேகர் போன் செய்தார். "அத்தை, வலி எடுத்துடுச்சு." கிளெமென்ட் டூட்டியிலிருந்து வரவில்லை. தனியாகத்தான் ஏறினேன். பாதி வழியில் பஸ் மாறினேன். சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் நாற்பது நிமிடம் பஸ் அசையவில்லை. கண் இருட்டியது. செத்தேன் என்றே நினைத்தேன். கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.
பேத்தி பிறந்திருக்கிறாள். கை நடுக்கம் நிற்கட்டும், அப்புறம் கொடுங்கள் என்று நர்ஸிடம் சொன்னேன்.
மேடத்திடம் இன்று போக முடியவில்லை. இன்றைக்கு வாங்கிய இரண்டு டிக்கெட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இரண்டும் நிஜம்.