அக்காவின் ரத்தத்தில் திறக்கும் கதவு

நாள் 212, காலை 07:10
வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்று கழிவறைக் கதவு எனக்குத் திறக்கவில்லை. பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. சாட்சியக் குப்பி ஒன்றில் போனேன். அதோடு விட்டிருக்கலாம். பழக்கதோஷம்: மூடி, முத்திரை ஒட்டி, எண் போட்டு, கையெழுத்தும் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டேன். கண்டெடுப்பவர் திறக்க வேண்டாம்.

மற்றபடி வழக்கம்போல். நான் தவமணி, தடயவியல் மரபணு ஆய்வாளர், வயது ஐம்பத்திரண்டு. நிலவுச் சுரங்கம் இடிந்து செத்தவர்களின் எலும்புத் துண்டுகளுக்குப் பெயர் கண்டுபிடிப்பது வேலை. நிலவிலேயே இருக்கும் இந்த ஆய்வகத்தில் தனி ஆள்.

07:40
கதவு விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் பார்க்கும். சோறு, செய்தி அனுப்புவது, எல்லாவற்றுக்கும் அந்தக் குத்துதான். முகத்தையும் குரலையும் எவனும் போலி செய்வான், ரத்தம் பொய் சொல்லாது என்று மாநாட்டில் மேசையைத் தட்டி இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்த மேதை வேறு யாருமில்லை, நானேதான்.

திரையில்: "இந்த நபர் இறந்துவிட்டார்."

கருவிக் கோளாறு. துடைத்தேன். இன்னொரு விரல். அதே பதில்.

09:15
காற்று வரும் சத்தம் நின்றுவிட்டது. இறந்தவருக்குக் காற்று ஒதுக்கீடு கிடையாது. கவச உடையை மாட்டிக்கொண்டேன். அதன் காற்று உருளை மாலை வரை தாங்கும்.

என் ரத்தத்தை நானே சோதித்தேன். புதிதாக ஒன்றும் இல்லை. இருபத்தெட்டு வயதில் எனக்கு ரத்தப் புற்றுநோய். அக்கா பொன்மலர் எலும்பு மஜ்ஜை கொடுத்தாள். அன்றிலிருந்து என் ரத்தத்தில் இருப்பது அவள் மரபணு. அதை அவள் மறக்கவிட்டதே இல்லை. எந்தக் கல்யாணப் பந்தியானாலும் பாயசம் வருவதற்குள், "இவ உடம்புல ஓடுறது என் ரத்தம், டாக்டர் பட்டத்துல பாதி எனக்குத்தான்" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்லி முடித்திருப்பாள்.

பூமியில் ஒருவர் சாவு பதிவானால், அந்த மரபணு இறந்தவர் பட்டியலில் ஏறி எல்லாப் பூட்டுகளுக்கும் போய்விடும்.

ஆக, கதவு என்னைச் சொல்லவில்லை.

கை மரத்திருக்கிறது. கையுறை இறுக்கமாக இருக்கலாம்.

11:30
அவசர ரேடியோவுக்கு ரத்தம் வேண்டாம். பூமியில், கட்டுப்பாட்டு அறையில் இன்று பணியிலிருப்பவன் இருதயராஜ்.

"மேடம், உங்க அக்கா போன வெள்ளிக்கிழமை தவறிட்டாங்க. ஹார்ட் அட்டாக். சர்டிபிகேட் இன்னிக்குத்தான் பதிவாச்சு. உங்க அத்தான் அன்னிக்கே தகவல் அனுப்பிட்டேங்கிறாரு."

எதுவும் வரவில்லை என்றேன். காற்றைத் திற என்றேன்.

"நீங்க பேசுறது எனக்குக் கேக்குது மேடம். சிஸ்டம் குரலை ஏத்துக்காதே. நீங்க போட்ட ரூலு, தப்பா எடுத்துக்காதீங்க."

முடியைப் பிடுங்கிச் சோதித்து அனுப்புகிறேன், முடி என் சொந்த மரபணு என்றேன்.

"அது எங்க பதிவுல இல்லையே. யாரோ புது ஆளுன்னு சொல்லும்."

ரத்தத்தில் செத்தவள், முடியில் அந்நியள்.

"ஒரு வழி இருக்கு. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நீங்க ரத்தம் குத்தி ஒரு செய்தியாவது அனுப்பியிருந்தா போதும். செத்தவங்க அனுப்ப முடியாதுல்லா. கதவுல குத்துறது அன்னன்னிக்கே அழிஞ்சிரும், செய்திதான் நிக்கும். நான் தேடுதேன்."

13:20
எனக்கு நம்பிக்கை இல்லை. நான் யாருக்கும் எழுதுகிற ரகம் இல்லை. என் பிறந்தநாள் வாழ்த்துக்கே மூன்று மாதம் கழித்து நன்றி சொன்னவள்.

சும்மா இருக்க முடியாமல் வேலை பார்த்தேன். இன்றைய துண்டு ஒரு துளைபோடுபவரின் தோள்பட்டை. பெயர் கிடைத்தது. எழுதி வைத்தேன்.

"மேடம், அழாதீங்க. அழுதா காத்து சீக்கிரம் தீந்துரும்."

கவலைப்படாதே தம்பி, அப்படி ஒன்றும் வரவில்லை என்றேன். உண்மை. யார் வீட்டுச் சாவோ போல இருக்கிறது. செய்தி வந்திருந்தால் அழுதிருப்பேன். வராததுதான். முறையாகச் சொல்லியிருந்தால்

15:50
உருளை சிவப்பு. எழுத்து தப்பினால் பொறுக்க

16:05
"கெடைச்சிட்டு மேடம். சனிக்கிழமை காலையில ஒண்ணு அனுப்பியிருக்கீங்க. உங்க ரத்தம்தான். வால்வைத் திறந்தாச்சு."

காற்று வருகிறது. தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டேன். யாருக்கு அனுப்பினேன் என்று கேட்டேன்.

"உங்க அத்தானுக்கு. அவரு செய்திக்குப் பதிலு. வாசிக்கட்டுமா மேடம்?"

வாசி என்றேன்.

"'சரி அத்தான். எனக்காகக் காத்திருக்காம எடுத்துடுங்க. இங்க அறிக்கை பாக்கி இருக்கு.' அவ்வளவுதான் மேடம்."