ஜீப்பைத் தண்ணீரில் இறக்கச் சொன்னவன்

மச்சான்,

இன்று காலை பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தேன். "மீன் கவிச்சி மாரி கீதுடா" என்று ஒவ்வொரு முறையும் மூக்கைச் சுளிப்பாயே, அந்த நெடி. திறந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உன் ஜீப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீ போய்ச் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. செங்கல்பட்டு வீட்டின் பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த வண்டியைக் காயலான் கடைக்குப் போடச் சொல்லி உன் சொந்தக்காரர்கள் எல்லோரும் யோசனை சொல்லிவிட்டார்கள். உன் ஸ்டெல்லா யார் பேச்சைக் கேட்டாள்? நேரே என்னிடம் வந்தாள். "நான் ஓட்டப் போறேண்ணா. பிரேக் பெடல் தரை வரிக்கும் போவுது. அத்த மட்டும் சரி பண்ணிக் குடுங்க."

சரி என்றேன். ஆனால் அவள் அந்த வண்டியில் ஏறுவதற்குள் அவளிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது என்னவென்று உனக்குத் தெரியும்.

மிலிட்டரி ஏலத்தில் வந்த ஜீப் அது. மாமல்லபுரத்து மணலில் ஓட்ட வேண்டும் என்று அரையடி உயர்த்தி, பாறாங்கல் கணக்காக நான்கு டயர்களை மாட்டினாய். பிரேக் மட்டும் அதே பழைய டிரம். இத்தனை பெரிய சக்கரத்தை அது நிறுத்துமா என்று கேட்டதற்கு, "நிக்கறதுக்கா மச்சான் வண்டி வாங்கினோம்?" என்றாய். நான்கு டயருக்கும் நீ எலுமிச்சம்பழம் வைத்தாய், ஸ்டெல்லா பானட்டில் கை வைத்து ஜெபம் செய்தாள். பிரேக்கை இரண்டு சாமியிடமும் யாரும் ஒப்படைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடற்கரையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டிக்கு அடியெல்லாம் உப்பு மணல். வழியில் ஏரி நிறைந்து கிடந்தது. "ஏரில ஒரு ரவுண்டு வுடு, உப்பெல்லாம் பூடும்" என்றது நான்தான். நீ தயங்கினாய். "வாணாம்டா, டிரம்முல தண்ணி பூந்துக்கும், பிரேக் புடிக்காது." நான் விட்டேனா? பயந்தாங்கொள்ளி என்று சீண்டினேன். நீ இறக்கினாய்.

கரையேறி மறுபக்கச் சரிவில் இறங்கும்போது பெடலை மிதித்தாய். வண்டி நிற்கவில்லை. கீழே ஒரு அம்மாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு சாலையைக் கடந்துகொண்டிருந்தார். நீ கத்தக்கூட இல்லை, ஸ்டீயரிங்கை ஒடித்துச் சீமைக் கருவேலம் புதருக்குள் விட்டாய். அந்த அம்மாள் ஓடி வந்து, "இன்னாயா, கண்ணு இன்னா பொடனிலயா கீது?" என்று ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார். திட்டிக்கொண்டே தாலிக்கயிற்றிலிருந்த ஊக்கைக் கழற்றி உன் கையில் ஏறியிருந்த முட்களை ஒவ்வொன்றாக எடுத்தார்.

வீட்டில் ஸ்டெல்லா கேட்டபோது, "நான்தான் தண்ணில வுட்டேன்" என்றாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. வெட்கங்கெட்டவன் நான்.

அடுத்த மாதமே முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் தேடிப் பிடித்தாய். நாம் இருவரே மாட்டினோம். நான் மேலே பெடலை மிதிக்க, நீ கீழே நிப்பிளைத் திறந்து ஆயில் குழாயில் புகுந்திருந்த காற்றை எடுத்தாய். அமுக்கு, புடி, வுடு. அரை நாள் போயிற்று, ஒரு டப்பா ஆயில் போயிற்று, பெடல் மட்டும் இட்லி மாவில் கால் வைத்த மாதிரியே இருந்தது. ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து நர்ஸ் உடுப்போடு வந்த ஸ்டெல்லா குனிந்து பார்த்தாள்.

"ஊசில காத்த எடுக்கணும்னா நாங்க முனைய மேலதான் புடிப்போம். உங்க நிப்பிளு இன்னாத்துக்கு கீழ பாத்துகினு கீது?"

டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற இடது காலிபரை வலதிலும், வலதை இடதிலும் மாட்டியிருந்தோம். காற்று மேலே நிற்க, நாம் கீழே திறந்துகொண்டிருந்திருக்கிறோம். நீ மண்ணிலேயே உட்கார்ந்து சிரித்தாய். மாற்றி மாட்டியதும் பெடல் கல்லாக நின்றது. அதற்குப் பிறகு எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் பெடலை ஒருமுறை அழுத்திப் பார்ப்பாய். "மொதல்ல நிக்குதா பாரு. அப்பால கெளம்பு" என்று எனக்கே புத்தி சொன்னாய், நிற்பதற்கா வண்டி வாங்கினோம் என்று கேட்ட அதே ஆள்.

இன்று நான் கீழே, ஸ்டெல்லா மேலே. அமுக்கு, புடி, வுடு. கடைசிச் சக்கரமும் முடிந்தது. அவள் முகம் தெரியாத இடத்தில் இருந்ததால்தான் எனக்குத் தைரியம் வந்தது. "அன்னிக்கி தண்ணில எறக்கச் சொன்னது நான்தாம்மா. அவன் வாணாம்னுதான் சொன்னான்."

மேலே பெடலிலிருந்து காலை எடுத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "தெரியும்ணா. நீங்க அந்தாண்ட போனதுமே சொல்ட்டாரு. 'அவன் கையில டீ கிளாஸ் ஆடிச்சே பாத்தியா? என்னிக்கும் அத்த கேட்டு அவன பேஜார் பண்ணாத'ன்னாரு."

எத்தனை வருடம்! நான் பயந்ததெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கிறது, அவளுக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டு பேரும் தினம் எனக்குச் சோறு போட்டிருக்கிறீர்கள். ஆயில் துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அதனால் இன்னும் எரிகிறது.

மாலையில் ஏரிக்கரை வரை போய் வரலாம் என்றாள். நான் பக்கத்து இருக்கையில் ஏறினேன். சாவியைத் திருப்புவதற்கு முன் ஸ்டெல்லா பெடலை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பெடலே இல்லாத என் பக்கத்துத் தரையில் என் காலும் அழுந்தியது.