சால்வையிலிருந்து ஒரு நூல்

பெர்மெத்தின் அப்பாவுக்கு, ஷாயிர்குல் சலாம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? ஆடுகள் எல்லாம் குட்டி போட்டுவிட்டனவா?

அல்மாட்டியில் குளிர் குறைந்துவிட்டது. தையல் கூடத்தில் வேலைக்குப் பஞ்சமில்லை. ஒன்று நடந்தது, பதறாதீர்கள். வீட்டுக்கார அம்மா கர்லிகாஷின் பேரனைப் பார்த்து, "என்ன அழகுடா நீ! கன்னம் ரெண்டும் ஆப்பிளாட்டம் இருக்கே!" என்று சொல்லிவிட்டேன். தூ தூ என்று துப்பவும் மறந்துபோனேன். அன்று மாலையே குழந்தை பால் குடிக்காமல் வீறிட்டு அழுதது. இனி என்னை வைத்திருக்க மாட்டார்கள் என்று துணிமணிகளை மூட்டை கட்டிவிட்டேன்.

அந்த அம்மா குழந்தையோடு வந்து நின்றார். "மூட்டை எதுக்குடி? உன் சால்வையில ஒரு நூல் உருவிக் குடு. எவ கண்ணு பட்டுச்சோ அவ கையாலேயே எடுத்தாத்தான் போகும். ஆசையாப் பாத்தாலும் கண்ணு படும், அதுல உன் தப்பு என்ன?"

நூலைக் கண்ணேறு கழிக்கும் அதிரஷ்மான் செடியோடு தணலில் போட்டுப் புகை காட்டினோம். குழந்தையை என் கையில்தான் கொடுத்தார். புகை அடங்குமுன் என் தோளிலேயே தூங்கிவிட்டான். வேறு யாராக இருந்தாலும் என்னை வாசலோடு நிறுத்தியிருப்பார்கள். என்ன மனசு அந்த அம்மாவுக்கு!

நம் ஊர் மேட்டில் முளைக்கும் அதிரஷ்மான் கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே சந்தையில் விற்பதில் மணமே இல்லை. பெர்மெத்தின் பழைய சட்டை ஒன்றும் வேண்டும், அளவு பார்க்கத்தான். துவைக்க வேண்டாம்.

நாரின் ஊருக்குப் போகும் வண்டி கிளம்புகிறது, ஓட்டுநர் அவசரப்படுத்துகிறார். உறைக்குள் என் சால்வை நூல் இருக்கிறது. பெர்மெத்துக்குப் புகை போடுங்கள். அவள் படத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துவிடுகிறேன்.