சந்தனப் பொட்டு வைத்த பெட்டி

அக்கா,

ஈரத்துணியால் உன் பெட்டியைத் துடைத்தேன். சந்தன வாசம் எழுந்தது. அதற்கு அடியிலிருந்து பழைய டீத்தூள் வாசம். இரண்டும் சேர்ந்தால் அது நீதான்.

நீ போன பிறகு, சூரியநெல்லி எஸ்டேட் லயத்து வீட்டைக் காலிசெய்த அன்று உன் மகன் இதை என் வாசலில் இறக்கினான். "சித்தி, அம்மா இதக் கும்புட்டுக்கிட்டே இருந்துச்சு. என்னான்னு எனக்குத் தெரியல. வேணும்னா வச்சுக்கங்க, இல்லாட்டி ஆக்கிரிக்குப் போட்டுருவேன்" என்றான். பழைய இரும்பு எடுக்க வந்த ஆக்கிரிக்காரர் ஸ்டெபிலைசர் என்றார். தூக்கிப் பார்த்துவிட்டு, அதற்கு இந்தக் கனம் போதாதே என்று அவரே தலையைச் சொறிந்தார். என் மருமகன் ஏதோ ரேடியோ என்றார். நீ சாமியாய் வைத்திருந்ததை என்னவென்றே தெரியாமல் எடைக்குப் போட எனக்கு மனசு வரவில்லை.

எஸ்டேட் டீ ஃபேக்டரியை மூடிச் சாமான்களைக் கழித்தபோது நீ இதைச் சும்மாடு கட்டித் தலையில் சுமந்து வந்தாய். என்னக்கா இது என்றேன். "நம்மகூட வேல பாத்ததுதாண்டி. கெடக்கட்டும்" என்றாய். ஆயுத பூஜைக்கு ஃபேக்டரியில் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைப்போமே, அந்தப் பழக்கம் என்று விட்டுவிட்டேன். வருஷா வருஷம் ஒரே இடத்தில், பழைய பொட்டைத் துடைக்காமல், அதன் மேலேயே அப்புவாய்.

இப்போது என் பேத்தி வந்திருக்கிறாள். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ். நம் லயத்திலிருந்து அதைப் படிக்கப் போன முதல் பெண் அவள்தான். நான் சொல்லிச் சொல்லி உனக்குக் காது புளித்த சங்கதி. பின்பக்கத்து ஸ்க்ரூவைக் கழற்றினாள். உள்ளே சர்க்யூட் போர்டெல்லாம் டீத்தூள். முன்பக்கச் சந்தனத்தைச் சுரண்டச் சொன்னாள். அடை அடையாய்ப் பெயர்ந்தது. அடியில் வட்டமாய் ஒரு கண்ணாடி.

"பாட்டி, இது கேமரா. தூள் விழும்போது குச்சி எது, இல எதுன்னு பாக்கும். குச்சின்னா மெஷின் காத்தடிச்சு ஒதுக்கிரும். ட்ரெயினிங் போன எடத்துல இதே மாதிரி பாத்தேன்."

சுரண்டுவதை விட்டுப் பெட்டியை என் பக்கம் இழுத்தேன்.

நாம் மேசையில் தூளைப் பரப்பிக் குச்சி பொறுக்கிய அறைக்குத்தானே அந்த மெஷின் வந்தது? வந்ததும் நம்மை மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பிவிட்டார்கள். மழையில், காலில் அட்டையோடு ஏறும்போது நீ சொன்னாய்: "நம்ம கண்ணு பாக்காததையா அது பாத்துரும்?"

பிறகு எதற்கு அக்கா இதைச் சுமந்து வந்தாய்? தூள் காயவைக்கிற டிரையரின் சுவிட்ச் பெட்டி என்று நினைத்தாயா? தெரிந்தேதானா? நம்மோடு வேலை பார்த்தது என்றாயே, அது வந்ததும் நாம் வெளியே போனோம். எங்கே சேர்ந்து பார்த்தோம்? அத்தனை வருஷமும் நீ அதைக் கும்பிட்டாயா, அதன் கண்ணை மூடினாயா? எப்படித் திருப்பிப் பார்த்தாலும் எனக்குப் பிடிபடவில்லை.

ஆக்கிரிக்காரரை வேண்டாமென்று அனுப்பிவிட்டேன். இன்று ஆயுத பூஜை. பாக்கெட் தூளில் குச்சி கண்டால் இன்னும் தானாகப் பொறுக்குகிற இந்த விரலில் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு, பெட்டி முன்னால் வெகுநேரம் நின்றேன். பேத்தி துடைத்த கண்ணாடியில் என் முகம் சின்னதாகத் தெரிந்தது. அதை மூட மனசில்லை. வெறுமனே விடவும் மனசில்லை. கடைசியில் கண்ணுக்குக் கொஞ்சம் மேலே, நெற்றி இருக்கவேண்டிய இடத்தில் பொட்டு வைத்தேன்.

தப்பென்றால், வந்து அழித்துவிட்டுப் போ.