பாக்கலாங்க

என் அன்புக் கணவரும் ஆய்வுத் தலைவருமான உங்களுக்கு,

நம் அறிக்கை வந்து சேர்ந்தது. பருவநிலை மாற்றம் பற்றிய பகுதி அருமை. அட்டையில் சூரியன்கூடச் சிரிக்கிறது. மேய்ச்சல் நிலத்தில் சோலார் பேனல் போட ஊரே சம்மதித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள்.

ஆய்வுக்காக ஊரில் நான் கருத்துக் கேட்டபோது ஆடு மேய்க்கும் செல்வராணி அக்கா, "பாக்கலாங்க. அங்கிட்டு ஏன் வெயில்ல நிக்கிறீங்க, இங்கிட்டு நெழலுக்கு வாங்க" என்றார். மற்றவர்களும் பாக்கலாங்க என்றுதான் சொன்னார்கள். எங்கள் திருமயம் பக்கத்தில், வந்தவர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டோம். அதற்குப் பதிலாகச் சொல்வது அது. சென்னையில் அதற்குச் சம்மதம் என்று பொருள் போலிருக்கிறது.

நீங்கள் பெண் பார்க்க வந்த அன்று நானும் அதையேதான் சொன்னேன்.

நிலக்கரியைக் கைவிட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த ஆடுகளுக்கு வேறு நிலம் இல்லை. ஆகவே 'சம்மதம்' என்றிருந்த இடங்களில் எல்லாம் 'மறுப்பு' என்று திருத்தி, கிராம சபையில் வாசித்துவிட்டேன். செல்வராணி அக்கா, "இப்பத்தான் ஒங்க ஆபீசுக்குத் தமிழ் புரிஞ்சிருக்கு" என்றார்.

உங்கள் அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு உடனே வீட்டுக்குத் திரும்பச் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் ஒரே பதில்தான்.

பாக்கலாங்க.

இப்படிக்கு,
திருமயத்துக்காரி