சந்தனம் வைத்த பிஸ்டன்

அக்டோபர் 11, 1994, செவ்வாய்

காலையிலிருந்து மேகமூட்டம். மழை இல்லை, நல்ல புழுக்கம். ஸ்கூட்டர் எஞ்சினை முற்றத்தில் நானே பிரித்துவிட்டேன். மெக்கானிக் "பூஜை கழியட்டும் சார்" என்கிறான். அவனுக்கென்ன, கெடு எனக்கல்லவா.

ஞாயிறன்று வண்டி ஆற்றுப்பாலத்தில் படுத்துவிட்டது. பட்டுப்புடவையோடு மனோன்மணி தள்ளினாள். அந்நேரம் பார்த்து பஸ்ஸில் போன அவள் அண்ணி கையை வேறு ஆட்டினாள். வீடு வந்ததும் தீர்ப்பு: "விஜயதசமிக்குள்ள ஓடணும். இல்லேன்னா எடைக்குப் போட்டுருவேன், சொல்லிட்டேன்." பழைய இரும்புக்காரரை வரவும் சொல்லிவிட்டாள். கல்யாணமான புதிதில் இவளையே அம்பையிலிருந்து கூட்டி வந்த வண்டி. எப்படிக் கொடுப்பேன்?

பிஸ்டன் முழுக்கக் கீறல். ரிங் ஒடிந்து கிடக்கிறது. நட்டு, போல்ட் எல்லாம் கழற்றின வரிசைப்படி இட்லித் தட்டுக் குழிகளில். அவள் பார்க்கவில்லை.

12, புதன்

பார்த்துவிட்டாள். காலையில் தோசை.

அரை நாள் லீவு. டவுண் லேத் கடையில் சிலிண்டரைக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன், புது ரிங். கடைக்காரருக்குச் சிரிப்பு. "நீங்களே மாட்டப் போறியளாக்கும்? மிச்சம் விழுந்தா பத்திரமா வைங்க அண்ணாச்சி, இன்னொரு வண்டிக்கு ஆவும்." குசும்பு.

நாளை ஆபீஸ் இல்லை. ஒரே மூச்சில் மாட்டிவிடலாம்.

13, வியாழன்

உட்கார்ந்தால் ஒரு ஸ்பானர்கூட இல்லை. எல்லாம் பூஜையறையில். கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக. பழைய பிஸ்டனுக்கும் பொட்டு. அட கூறுகெட்டவனே, இன்று ஆயுத பூஜை! லீவு எதற்கென்றே யோசிக்கவில்லை.

"ஒரே ஒரு ஸ்பானர் தாயேன்."

"பூஜையில வச்சதை நாளைக்கு எடுக்க முந்தித் தொடுவாகளா? நல்லா கேட்டிய."

"அப்போ கெடு?"

"அதுவும் நாளைக்குத்தான்."

என்னைத் தோற்கடிக்கத்தான் இவ்வளவும். கோபத்தில் சுண்டல் இரண்டு கிண்ணம். எஞ்சின் இல்லாத வண்டிக்கும் பொட்டு, மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். எரிச்சலாக வந்தது.

14, வெள்ளி

விடியுமுன் தலைமாட்டில் குரல். "எந்திரிங்க. பூஜை எடுத்தாச்சு. ஸ்பானரைத் தொடலாம்." ஈரத்தலையோடு நிற்கிறாள். நேற்று நினைத்ததற்கு வெட்கமாகப் போயிற்று.

தூறல். எஞ்சினுக்கு மேல் குடையை அவளே கட்டிவைத்தாள். ரிங்கை அமுக்கிப் பிடித்தால்தான் சிலிண்டர் இறங்கும். என் தடி விரலுக்கு ஆகவில்லை. வளையலைக் கழற்றிவிட்டு அவள் பிடித்தாள். "பைய, பைய இறக்குங்க." இறங்கிவிட்டது! அவள் மூக்கில் ஆயில். நான் சொல்லவில்லை.

இரும்புக்காரர் தள்ளுவண்டியோடு வந்தபோது, எஞ்சினை வண்டியில் பூட்டி உதைத்துக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லை. "ஏத்திரலாமா அண்ணாச்சி?" இன்னொரு உதை. பிடித்துக்கொண்டது! தெருவெல்லாம் புகை. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினேன். சின்னப் பிள்ளை மாதிரிக் கத்திவிட்டேன்.

பாவம், வந்ததற்கு இதையாவது எடுத்துப் போகட்டும் என்று பழைய பிஸ்டனை நீட்டினேன். மனோன்மணி பறித்துக்கொண்டாள்.

"பொட்டு வச்சதைப் போயி எடைக்குப் போடுவாகளா?"

"அப்போ வண்டிக்கும் நேத்தே பொட்டு வச்சியே?"

இரும்புக்காரர் கையில் பொரிகடலையைக் கொடுத்தாள். பட்டுப்புடவை எடுக்க உள்ளே போய்விட்டாள். அண்ணி வீட்டுக்குப் போகணுமாம், பாலம் வழியாக.